அறுபது சிங்கி இறால், மூன்று விரதக்காரர்கள்

பங்களாவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இரண்டு மைல் இருக்கும். பாதி தூரம் நடந்த பிறகுதான் என் கையில் இன்னும் இடுக்கி இருப்பதைப் பார்த்தேன். நெருப்பு முன்னால் நின்றவன் அப்படியே இறங்கி நடந்துவிட்டிருக்கிறேன். ஏப்ரனும் கழுத்தில் தொங்கியது. பகல் இரண்டு மணி வெயில். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். வாயில் இருந்த நாற்றம் போகவில்லை. எச்சிலைத் துப்பித் துப்பி நடந்தேன். பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரி அடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். சிங்கி இறால் வாலை எத்தனை நிமிடம் சுடவேண்டும்? அதை உங்கள் போனே சொல்லும். நான் சொல்ல வந்தது, அன்றைக்கு அந்த ரோட்டில் நான் ஏன் நடந்தேன் என்பதை.

மலேசியாவில், செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தேன். படிப்பு படிவம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, நின்றது. ஈயச் சுரங்கத்து மிச்ச மணலை அள்ளியிருக்கிறேன், லாரியில் ஏறி மூட்டை இறக்கியிருக்கிறேன், லூமுட்டில் படகு கழுவியிருக்கிறேன். எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. கடைசியில் நெருப்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதிலும் கடை மாறிக்கொண்டேதான் இருந்தேன்.

சித்தியவானில் ஒரு கடல் உணவுக் கடையில்தான் அந்த மலாய்ப் பெண்ணைச் சந்தித்தேன், தமிழ் பேசப் பழகியவர், நான் அவரைக் காக் என்பேன். மலாய்க்காரர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் வேலையில் எனக்கு மூத்தவர், அதனால் காக். அவர் என்னை அண்ணே என்பார். நான் முதன்முதலாகச் சுட்ட சிங்கி இறால் வாலை அவர்தான் வாங்கிப் பார்த்தார். கறி என்றால் கருக வேண்டும், இல்லாவிட்டால் வேகவில்லை என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவன் நான். அவர் சதையைச் சிமெண்டுத் தரையில் போட்டார். அது துள்ளியது.

"அண்ணே, எஸ்டேட்ட விட்டு வந்தும் ரப்பர்தான் செய்றீங்க லா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், காது சூடாகிவிட்டது. சதை கண்ணாடி போலிருந்து பால் வெள்ளைக்கு மாறும் அந்த நேரத்தில் எடுக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் தொழில் நுணுக்கம் எதுவும் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. அடுப்பிலிருந்து எடுக்கும் முதல் உருப்படி விருந்தாளிக்குப் போகாது. அதை வெட்டி, வெண்ணெய் தடவாத ஒரு துண்டை எங்களில் ஒருவர் வாயில் போட்டுப் பார்ப்போம். நோன்பு மாதத்தில் காக் வாயில் எதையும் வைக்கமாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று அவர்களிலேயே சிலர் சொல்வதுண்டு, அவர் அதற்கும் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மாதம் முழுக்க நான் அவருக்காகவும் ருசி பார்ப்பேன். தைப்பூசத்துக்கு நான் விரதம் இருக்கும்போது அவர் எனக்காகப் பார்ப்பார். பல வருடம் இப்படியே ஓடியது. கடை மாறினாலும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு சேர்ந்தே மாறினோம். கடைசியாக ஈப்போவில் ஒரு தமிழ் முதலாளியிடம் இருந்தோம். விருந்து வீடுகளுக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமைத்துக் கொடுக்கும் தொழில்.

அந்த வருடம் நான் இருந்த விரதம் எனக்காக இல்லை. கோப்பெங்கில் இருந்த என் அக்காவுக்காக. வயிற்றில் கட்டி, அறுத்து எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தகவல் கேட்டுப் போன அன்று, "நான் என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா செத்தப்ப நீ வரல. மாமா செத்தப்ப மூணு நாள் கழிச்சு வந்த. எனக்கு ஒண்ணும் செய்யவேணாம்டா. நாப்பத்தெட்டு நாள் வாயச் சுத்தமா வெச்சிருந்து பால்குடம் எடு. அது போதும்."

மாமா என்றது அவள் கணவரை. அவள் பிழைத்தாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு மற்றதைக் கேட்கமாட்டீர்கள். அறுவைக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். ஆனால் நான் சொல்லப்போகும் நாளில் அது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அவளை ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். என் விரதத்தில் அது நாற்பத்தொன்றாம் நாள். வாழ்க்கையில் வீட்டார் ஒருவருக்காக நான் முழுசாகச் செய்துமுடிக்கப்போன முதல் காரியம் அது.

விருந்து, நான் பிறந்த அதே எஸ்டேட்டின் துரை பங்களாவில். எஸ்டேட் போய்விட்டது, பங்களா மட்டும் வாடகைக்கு விடும் இடமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்து மகன், தன் குழந்தைக்கு ஒரு வயது ஆனதற்கு நாற்பது பேருக்குப் பகல் சாப்பாடு சொல்லியிருந்தார். அவர் கேட்டது கரி அடுப்பில் சுட்ட சிங்கி இறால் வால். முதலாளி அறுபது உருப்படி வாங்கி வைத்திருந்தார்.

காலையில் பங்களாவின் பின்பக்கம் அடுப்பைப் போட்டோம். ஐஸ் கரைந்துகொண்டிருந்த இறால் பெட்டிகளைக் காக் திறந்தார். திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, பாவு இருக்கு."

பாவு என்றால் நாற்றம். எனக்கும் வந்தது. மூக்கின் உள்ளே மெல்லிய ஊசி குத்துவது போன்ற வாசம். அந்த வாசம் எனக்குப் பழக்கம். ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். சின்ன வயதில் அம்மாவோடு வாளி தூக்கிக்கொண்டு தினமும் பால் ஸ்டோருக்குப் போவேன். அம்மாவின் சேலையில், எங்கள் வீட்டுப் பாயில், சோற்றில்கூட அந்த வாசம்தான். பங்களாவுக்குக் கீழே சரிவில், கூரை இல்லாமல் அந்தப் பழைய ஸ்டோரின் சுவர் நின்றுகொண்டிருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன்.

"அது ஸ்டோர் வாசம் காக். நான் இங்க பொறந்தவன், எனக்குத் தெரியாதா?"

அந்த ஸ்டோருக்குள் பால் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எந்த வாசம் இருபத்தைந்து வருடம் நிற்கும்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் பிறந்த மண்ணுக்கு வந்து நிற்கிறேன், மூக்கு எனக்குப் பிடித்த கதையைச் சொன்னது, நான் நம்பிவிட்டேன். காக் என் முகத்தைப் பார்த்தார். சரி என்று பெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு முதல் வாலை எடுத்தேன். வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓக்கே அண்ணே" என்றார். நான் அடுத்த ஆறை எடுத்துத் தட்டில் அடுக்கி முன்னால் அனுப்பினேன்.

அடுத்த வாலைக் கத்தியால் பிளந்தபோதுதான் கை சொன்னது. சதை ஓட்டிலிருந்து விடவில்லை. கத்தி பட்ட இடம் நனைந்த பஞ்சு போலப் பிய்ந்தது. இன்னொன்றைப் பிளந்தேன். அதுவும் அப்படித்தான். அப்போது கால் பக்கத்தில் சாம்பல் வாளியைப் பார்த்தேன். நான் கொடுத்த துண்டு கடிபடாமல் சாம்பல் மேலே கிடந்தது.

"காக், நீங்க சாப்பிடலியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இன்னிக்கு புவாசா அண்ணே."

புவாசா என்றால் நோன்பு. நோன்பு மாதத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். பிறகுதான் புரிந்தது. போன வருட நோன்பில் பெண்களுக்கு மாதவிலக்கால் விடுபட்ட நாட்கள் உண்டு. அடுத்த நோன்பு வருவதற்குள் அவற்றை அவர்கள் பிடித்து முடிக்கவேண்டும். அதை ஒரு ஆண்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

"வாசம் ஸ்டோர்னு அண்ணன் சொன்னீங்க. அதான் நல்லதுன்னு நெனச்சேன்" என்றார்.

ஆக, என் மூக்கை நம்பி அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் நாக்கை நம்பி நான் ஆறு வாலை அனுப்பிவிட்டேன்.

முதலாளி முன்பக்கமிருந்து வேர்க்க வேர்க்க வந்தார். "என்ன அண்ணே, ஆறோட நிறுத்திட்டீங்க? மத்தவங்க கேக்குறாங்க லா."

"பாஸ், இது சரியில்ல போல இருக்கு. சதை பாருங்க."

"ஐஸ்ல இருந்தது அப்படித்தான் இருக்கும். பூண்டு வெண்ணெய் கூடப் போடுங்க."

"ஒரு வாய் போட்டுப் பாருங்க பாஸ்."

அவர் என்னை முறைத்தார். சட்டைப் பொத்தானை ஒன்று திறந்து, கழுத்திலிருந்த உருத்திராட்சத்தைக் காட்டினார். "நானும் விரதம்தானய்யா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆனால் அவர் கண் சதையைப் பார்க்காமல் என்னையே பார்த்தது. வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். பரிமாறும் இரண்டு பேரும் முன்னால் தட்டோடு நின்றார்கள். சிங்கி இறாலை வாழ்நாளில் தின்றதே இல்லை அவர்கள். நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வார்கள்? அடுப்படியில் இருந்தது நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் விரதம், அடுப்பில் அறுபது சிங்கி இறால். நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது இப்போது.

அக்காவை நினைத்தேன். நாற்பத்தொரு நாள். நாளைக்கு அவள் கையில் ஊசி குத்துவார்கள், அடுத்த நாள் வயிற்றைத் திறப்பார்கள். எல்லாம் சேர்ந்து நான் யோசித்தது அடுப்பில் ஒரு கரி வெடிக்கிற நேரம்தான் இருக்கும்.

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன்.

இனிப்பு இல்லை. நல்ல சிங்கி இறாலுக்கு உப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும், அது துளியும் இல்லை. நாக்கின் இரண்டு ஓரமும் எரிந்தது. சதை மெல்லுவதற்கு முன்பே கூழானது. துப்பினேன். ஸ்டோர் வாசம் என் வாய்க்குள் இருந்தது.

முன்பக்கம் ஓடினேன். ஏப்ரனோடு, இடுக்கியோடு, படியேறி ஹாலுக்குள் போனேன். என் அப்பா இருபது வருடம் புல் வெட்டிய பங்களா. அவர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. குழந்தையின் அம்மா ஒரு நார் பிய்த்து, ஆறுவதற்காக ஊதிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது.

"சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க, கெட்டுப்போச்சு!"

குழந்தையின் தாத்தா பாதிக்கு மேல் முடித்திருந்தார். "ஏன் தம்பி, ருசியாத்தானே இருக்கு?" என்றார் மெதுவாக. வெண்ணெயும் பூண்டும் எலுமிச்சையும் அவரை அப்படிச் சொல்ல வைத்தன. அந்தத் தாய் கையிலிருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி பின்னாலேயே வந்துவிட்டார். எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார். "மன்னிச்சிடுங்க. அண்ணன் கொஞ்சம் தண்ணி போட்டிருக்காரு. வெயில் வேற."

நாற்பத்தொரு நாள் விரதத்தில் இருந்தவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. வாயில் அந்த நாற்றத்தோடு என்ன பேச? முதலாளி என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"போய்யா. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

பின்பக்கம் வந்தபோது மிச்ச வால்கள் எல்லாம் நுரையில் கிடந்தன. காக் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை வாளியோடு அவற்றின் மேல் கவிழ்த்திருந்தார். இனி யார் நினைத்தாலும் அவற்றைச் சுட முடியாது. முதலாளியும் பின்னால் வந்து நின்றார். காக் அவரைப் பார்க்காமல், கூடவே கொண்டுவந்திருந்த கோழிப் பெட்டியை இழுத்தார்.

"நாப்பது பேர் பசியில இருக்காங்க பாஸ். நான் கோழி போடுறேன். நெருப்பு நல்லா இருக்கு."

நான் தாண்டிப் போகும்போது என் கையை மட்டும் பார்த்தார். இடுக்கி அவருடையது என்று பிறகுதான் நினைவு வந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பிறகு காக் போனில் மற்றதைச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் முதலாளியின் ஃப்ரீசர் நின்றுபோய் ஐஸ் எல்லாம் கரைந்துவிட்டதாம். ஒன்றரை நாள் கழித்து மறுபடி உறைய வைத்திருக்கிறார். அந்தத் தாத்தாவுக்கு இரண்டு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுந்துவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அது எனக்குப் பெருமை தருவதில்லை. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், நாற்பது பேருக்காக விரதத்தை விட்டார் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சதை பஞ்சாகப் பிய்ந்தபோதே எனக்குத் தெரியும். அந்த நிமிடமே முன்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஏன்? ருசி பார்க்காமல் சொன்னால் முதலாளி என்னை மடக்கிவிடுவார் என்று பயம். ஒருவேளை தப்பாகிவிட்டால் நாற்பது பேர் முன்னால் அசிங்கம் என்று பயம். அந்தப் பயத்தில்தான் ஆதாரம் தேடி வாயில் போட்டேன். சந்தேகமே போதும் என்று நிறுத்தத் தைரியம் இருந்திருந்தால் விருந்தும் நின்றிருக்கும், விரதமும் மிஞ்சியிருக்கும். அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கைக் கெட்டுப்போன இறால் உடைக்கவில்லை. நான் தயங்கினேன், அதுதான் உடைத்தது.

பெரிய ரோட்டில் பஸ் பிடித்து, ஈப்போவில் மாறி, கோப்பெங் போய்ச் சேர ஐந்து மணி ஆனது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, கையில இடுக்கி?"

"அக்கா, விரதம் போச்சு."

துணி மடித்த கை நின்றது. "குடிச்சியா?"

"இல்ல."

"பின்ன?"

"லாப்ஸ்டர்."

என் முகத்தையே பார்த்தாள். "எவ்ளோ?"

"ஒரு விரல் அளவு. துப்பிட்டேன்."

"நல்லாவாவது இருந்துச்சா?"

"அழுகிப்போச்சுக்கா. அதுக்குத்தான் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலித்திருக்கவேண்டும், கட்டிலில் உட்கார்ந்தாள். "விரதத்த விட்டதுதான் விட்ட, நல்லதா பாத்துத் திங்கக்கூடவா தெரியல?" பிறகு சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்டோர் வாசம் என்று நான் நம்பியதைச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினாள். அவளும் அந்த வாளியைத் தூக்கியவள்தான்.

"அந்தப் புள்ள சாப்பிடலியே?"

"இல்ல."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"முருகன்கிட்ட நீயே சொல்லிக்க. என்னால சொல்ல முடியாது. மிச்சம் ஏழு நாள் இருக்குல்ல? அதையாவது ஒழுங்கா இரு."

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளை மேலே கட்டிலில் சேர்த்துவிட்டுக் கீழே கேன்டீனுக்கு வந்தேன். நடத்துகிற பாய் போனில் கத்திக்கொண்டிருந்தார். கஞ்சி போடுகிற ஆள் வரவில்லை, வார்டுகளுக்குப் பத்து மணிக்குக் கஞ்சி போகவேண்டும். நான் ஏப்ரன் சுற்றிய இடுக்கியை மேசைமேல் வைத்திருந்ததைப் பார்த்தார்.

"அண்ணே, சமையல் ஆளா? கஞ்சி கிண்டத் தெரியுமா?"

"தெரியும் பாய். என்ன கஞ்சி?"

"கோழிக் கஞ்சி."

அதுவரை எந்த முதலாளியிடமும் வேலை கேட்கும்போது நான் இதைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"நான் விரதம் பாய், இன்னும் ஏழு நாள். கோழிய வாயில வைக்கமாட்டேன். எனக்கு ருசி பாக்க ஒரு ஆள் வேணும். ஆள் இல்லன்னா அண்டாவ எடுக்கமாட்டேன்."

"வேல கிடைக்கிறதுக்கு முந்தியே கண்டிஷனா?" என்று சிரித்தார் பாய். பிறகு கொஞ்சம் யோசித்தார். "சரிதான். அடுத்த மாசம் நம்ம நோன்பு வரும், அப்ப நீங்க பாருங்க." டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

ஒன்பதரைக்குக் கஞ்சி இறங்கியது. ஒரு கரண்டி எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"விரதமா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"புவாசா?"

"அண்ணே, என் பேரு லெட்சுமி!"

"தெரியட்டும்னுதான் கேட்டேன். குடி."

அவள் ஊதிக் குடித்தாள். வாயில் வைத்ததோடு நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை நின்று பார்த்தேன். உப்பு சரி என்றாள். பிறகுதான் கஞ்சியை மேலே அனுப்பினேன்.